கார்டு போட்டும் ஃபோட்டோஷாப் வேகம் எடுக்கவில்லையா? கிராஃபிக்ஸ் கார்டு கோளாறை வரிசையாகக் கண்டுபிடிக்கும் வழி

மதுரையிலும் சுற்றுப்பக்கத்திலும் ஸ்டூடியோ நடத்துபவர்களிடம் இப்போது அடிக்கடி கேட்கும் புகார் இதுதான்: "பணம் போட்டுக் கார்டு வாங்கி மாட்டியாச்சு, லைட்ரூம் பழைய வேகத்திலேதான் ஓடுது." இதோடு சேர்ந்து வேறு சில புகார்களும் வரும். ஜூம் செய்தால் படம் கட்டம் கட்டமாக உடைகிறது, எக்ஸ்போர்ட் நடுவில் திரை கறுத்துப்போய் மீண்டும் வருகிறது, ஃபோட்டோஷாப் திறக்கும்போதே கிராஃபிக்ஸ் பிராசசர் பற்றி எச்சரிக்கை காட்டுகிறது. உடனே டிரைவரை, அதாவது கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருளை, அழித்துப் போடுவார்கள். அதுவும் பலிக்காவிட்டால் விண்டோஸையே ஃபார்மட் செய்துவிடுவார்கள். இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன.

கார்டு நிஜமாகவே கெட்டுப்போவது அரிது. பெரும்பாலும் வேலை அதன் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. அதனால் வேலை எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் காரியம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை ஒரு தாளில் எழுதிவையுங்கள். நாலைந்தை ஒரே நேரத்தில் மாற்றிவிட்டால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. மறுபடி வந்தால் ஆரம்பத்திலிருந்து தேட வேண்டியிருக்கும்.

கார்டின் வேலை எது, எது இல்லை

மெமரி கார்டிலிருந்து படங்களை ஏற்றுவது, பெரிய பிஎஸ்டி ஃபைலைத் திறப்பது, சேமிப்பது, கேட்டலாக்கில் தேடுவது எல்லாம் பிராசசர், ராம், டிஸ்க் ஆகியவற்றின் வேலை. அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டில் பர்ஸ்ட் வைத்து எடுத்த ஆயிரக்கணக்கான படங்களைப் பழைய ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவிட்டு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கும்போது ஏற்படும் தாமதத்தை எவ்வளவு விலை உயர்ந்த கார்டும் போக்காது. அங்கே தேவை எஸ்எஸ்டி.

லைட்ரூமில் கார்டின் பங்கு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூடிவந்தது. 2015-இல் டெவலப் பகுதியில் படத்தைத் திரையில் காட்டுவதற்கு மட்டும் பயன்பட்டது. 2019-இல் ஸ்லைடர்களை நகர்த்தும்போது நடக்கும் கணக்கும் கார்டுக்குப் போனது. 2022-இல் எக்ஸ்போர்ட் சேர்ந்தது. 2023 ஏப்ரலில் வந்த ஏஐ டீநாய்ஸ் (படத்தில் உள்ள புள்ளி இரைச்சலை நீக்கும் வசதி) கார்டை நம்பியே ஓடுகிறது. ஆகவே உங்களிடம் இருப்பது எந்தக் காலத்துப் பதிப்பு என்று பாருங்கள். பழைய பதிப்பில் எக்ஸ்போர்ட் நேரத்தில் கார்டு சும்மா இருந்தால் அது கோளாறே இல்லை.

ஃபோட்டோஷாப்பில் கேன்வாஸைச் சுழற்றிப் பார்ப்பது, இழுத்து ஜூம் செய்வது, ஆயில் பெயிண்ட், பெர்ஸ்பெக்டிவ் வார்ப் ஆகியவற்றுக்குக் கார்டு கட்டாயம் வேண்டும். ப்ளர் கேலரி, ஸ்மார்ட் ஷார்ப்பன் போன்றவை கார்டு இருந்தால் வேகமாக நடக்கும். லேயர் அடுக்குவது, டெக்ஸ்ட் அடிப்பது, மாஸ்க் போடுவது போன்ற ஆல்பம் டிசைனின் அன்றாட வேலையில் பெரும்பகுதி பிராசசரையும் ராமையும்தான் நம்பியிருக்கிறது.

முதல் சோதனை: அணைத்துப் பாருங்கள்

ஃபோட்டோஷாப்பில் எடிட் மெனு, பிரிஃபரன்சஸ், பெர்ஃபாமன்ஸ் என்று போனால் "யூஸ் கிராஃபிக்ஸ் பிராசசர்" என்ற பெட்டி இருக்கும். அதில் டிக்கை எடுத்துவிட்டு, மென்பொருளை மூடித் திறந்து, சிக்கல் வந்த அதே ஃபைலில் அதே வேலையைச் செய்யுங்கள். லைட்ரூமிலும் பிரிஃபரன்சஸில் பெர்ஃபாமன்ஸ் பகுதிதான். அங்கே ஆட்டோ, கஸ்டம், ஆஃப் என மூன்று தேர்வு இருக்கும். ஆஃப் வைத்துப் பாருங்கள்.

அணைத்த பிறகும் படம் உடைவது, திரை கறுப்பது போன்ற அதே கோளாறு வந்தால் கார்டை விட்டுவிடுங்கள். ஃபைல் கெட்டிருக்கலாம், ராம் பழுதாக இருக்கலாம், ஸ்கிராட்ச் டிஸ்க் (ராம் போதாதபோது ஃபோட்டோஷாப் பயன்படுத்தும் தற்காலிக டிஸ்க் இடம்) நிரம்பியிருக்கலாம், ஏதாவது பிளக்கின் தகராறு செய்யலாம். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஃபோட்டோஷாப்பைத் திறந்தால் வெளியார் பிளக்கின்கள் இல்லாமல் திறக்கும். ஸ்கின் ரீடச் பிளக்கின்களைக் கண்ட இடத்திலிருந்து இறக்கிப் போட்டிருக்கும் கம்ப்யூட்டரில் இந்த ஒரு சோதனையிலேயே விஷயம் வெளிச்சமாகிவிடும்.

அணைத்ததும் கோளாறு போய்விட்டால் கார்டு, டிரைவர், அல்லது இரண்டுக்கும் இடைப்பட்ட ஏதோ ஒன்று. கீழே உள்ளவை அதற்குத்தான். அணைத்தாலும் போட்டாலும் வேகம் துளியும் மாறவில்லை என்றால், போட்டிருந்தபோதும் கார்டு வேலை செய்யவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். அடுத்த பகுதி முக்கியமாக இப்படி வேகம் மாறாதவர்களுக்கு.

மென்பொருளுக்கு அந்தக் கார்டு தெரிகிறதா

ஃபோட்டோஷாப்பின் ஹெல்ப் மெனுவில் "ஜிபியு கம்பேட்டிபிலிட்டி" என்று இருக்கும். ஜிபியு என்பது கிராஃபிக்ஸ் பிராசசர்தான். கார்டின் பெயர், மெமரி, எந்தத் தகுதி தேறுகிறது, எது தேறவில்லை என்று வரிசையாகக் காட்டும். லைட்ரூமில் ஹெல்ப் மெனுவில் சிஸ்டம் இன்ஃபோ. அங்கே உங்கள் கார்டின் பெயருக்குப் பதிலாக இன்டெல் யுஎச்டி என்று இருந்தால் விடை கிடைத்துவிட்டது: பிராசசருக்குள்ளேயே வரும் உள் கிராஃபிக்ஸைத்தான் மென்பொருள் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அடுத்தது தகுதி. இதில்தான் நம் ஊர் ஸ்டூடியோக்கள் அதிகம் அடிபடுகின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இன்றைய ஃபோட்டோஷாப் கேட்பது டைரக்ட்எக்ஸ் 12 (மென்பொருள்கள் கார்டைப் பயன்படுத்த விண்டோஸ் தரும் வழி), அதிலும் ஃபீச்சர் லெவல் (கார்டுக்குள்ளேயே இருக்கும் திறனின் படி) 12_0, கூடவே குறைந்தது 1.5 ஜிபி கார்டு மெமரி. 4கே மானிட்டர் வைத்திருந்தால் 4 ஜிபி இருப்பது நல்லது. கார்டு பெட்டியின் மேல் "டைரக்ட்எக்ஸ் 12" என்று அச்சிட்டிருப்பதை நம்பக் கூடாது. டைரக்ட்எக்ஸ் 12 டிரைவர் ஓடும் பல பழைய கார்டுகளின் ஃபீச்சர் லெவல் 11_0 அல்லது 11_1-உடன் நின்றுவிடும்.

சரிபார்ப்பது சுலபம். விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, வரும் பெட்டியில் டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி என்ற ஆறு எழுத்துகளை ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் தட்டுங்கள். திறக்கும் கருவியில் டிஸ்ப்ளே பகுதிக்குப் போனால் "ஃபீச்சர் லெவல்ஸ்" என்ற வரி இருக்கும். அதில் 12_0 அல்லது 12_1 இல்லை என்றால் எந்த டிரைவர் போட்டும் பயன் இல்லை.

விலை குறைவு என்று பலர் மாட்டிய என்விடியாவின் ஜிடி 710 இந்தத் தகுதியில் தேறாது. பழைய கார்டு என்றாலும் பேர் வாங்கிய ஜிடிஎக்ஸ் 750 டிஐ கூடத் தேறாது. ஏஎம்டியின் ஆர்7 240, ஆர்7 250 கார்டுகளும் 11_1-உடன் நின்றுவிடும். ஜிடி 1030, 750 டிஐயைவிடப் பெரிய வேகம் இல்லை என்றாலும் 12_1 உண்டு. ஏஎம்டியில் ஆர்எக்ஸ் 570, 580 போன்றவை 12_0 தேறும். உள் கிராஃபிக்ஸிலும் இதே கதைதான். மூன்றாம் தலைமுறை இன்டெல் பிராசசரின் எச்டி 4000 தேறாது, ஆறாம் தலைமுறையின் எச்டி 530 தேறும். அதாவது பழைய ஐ5 கம்ப்யூட்டரில் ஜிடி 710 மாட்டியவர், ஆறாம் தலைமுறை கம்ப்யூட்டரில் கார்டே இல்லாமல் வேலை பார்ப்பவரைவிடப் பின்தங்கிய நிலையில் இருக்கிறார். தேறாத கார்டு இருந்தால் இரண்டு வழிதான்: அது ஓடக்கூடிய பழைய ஃபோட்டோஷாப் பதிப்போடு இருப்பது, அல்லது கார்டை மாற்றுவது.

கேபிளும் விண்டோஸ் அமைப்பும்

கார்டு தகுதியானதுதான், ஆனாலும் மென்பொருள் உள் கிராஃபிக்ஸைக் காட்டுகிறதா? கேபினட்டின் பின்பக்கம் பாருங்கள். மானிட்டர் கேபிள் மேலே மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் சொருகியிருக்கும். கார்டின் சொருகல்கள் கீழே படுக்கைவாட்டில் இருக்கும், அங்கே மாற்றிச் சொருகுங்கள். கடைக்காரர் கார்டைப் போட்டுக் கொடுத்திருப்பார், வீட்டுக்கு வந்து பழக்கப்பட்ட துளையில் நாமே மாட்டியிருப்போம். இதற்கே சர்வீஸ் சார்ஜ் கொடுத்தவர்கள் உண்டு.

லேப்டாப்பில் கேபிள் பிரச்சினை இல்லை, அமைப்புப் பிரச்சினை. செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் என்று போய் ஃபோட்டோஷாப்பையும் லைட்ரூமையும் பட்டியலில் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் "ஹை பெர்ஃபாமன்ஸ்" தேர்ந்தெடுங்கள். அப்புறம் மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். சார்ஜரைச் சொருகியே வேலை பாருங்கள், பேட்டரியில் ஓடும்போது லேப்டாப் தானாகவே கார்டின் வேகத்தை அமுக்கிவிடும். மண்டபத்திலேயே உட்கார்ந்து ஸ்பாட் எடிட்டிங் செய்பவர்கள் முதலில் பிளக் பாயிண்ட் இருக்கும் மேசையைப் பிடிப்பது நல்லது.

மாற்றிய பிறகு டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு எக்ஸ்போர்ட்டை ஓட விடுங்கள். ஜிபியு 0, ஜிபியு 1 என்று இரண்டு இருந்தால் எது ஏறுகிறது என்று தெரியும். "3டி" என்ற வரைபடத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். அந்தப் பெயரின் மேல் சொடுக்கினால் "கம்ப்யூட்" உட்பட மற்ற வரைபடங்களும் கிடைக்கும். கணக்கு வேலை அங்கே காட்டலாம்.

டீநாய்ஸ் இதற்கு நல்ல உரைகல். அழகர் ஆற்றில் இறங்கும் விடியற்காலையில் ஐஎஸ்ஓ ஏற்றி எடுத்த ரா படம் ஒன்றைத் திறந்து டீநாய்ஸ் கொடுங்கள். எவ்வளவு நேரம் ஆகும் என்று லைட்ரூமே மதிப்பீடு சொல்லும். ஆர்டிஎக்ஸ் கார்டு வைத்துக்கொண்டும் ஒரு படத்துக்குப் பல நிமிடங்கள் என்று காட்டினால் வேலை கார்டுக்குப் போகவில்லை. ஜிடிஎக்ஸ் வரிசைக் கார்டுகளில் ஏஐ கணக்குக்கான டென்சர் கோர் கிடையாது, அவற்றில் டீநாய்ஸ் தாமதமாவது இயல்புதான்.

டிரைவர்

என்விடியா கார்டுக்கு இரண்டு வகை டிரைவர் உண்டு, கேம் ரெடி, ஸ்டூடியோ. எடிட்டிங் செய்பவர்கள் ஸ்டூடியோ டிரைவரைப் போடுவதே நல்லது. ஃபோட்டோஷாப், லைட்ரூம் போன்ற மென்பொருள்களோடு சோதித்து விடுவார்கள், புதுப்பிப்பும் அடிக்கடி வராது. விண்டோஸ் அப்டேட் தானாகப் போடும் டிரைவரை நம்பி இருக்காதீர்கள், கார்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்குங்கள். போடும்போது கஸ்டம் தேர்ந்தெடுத்து "கிளீன் இன்ஸ்டலேஷன்" பெட்டியில் டிக் வையுங்கள். பெரும்பாலான டிரைவர் கோளாறுகள் இதிலேயே தீர்ந்துவிடும்.

அதிலும் தீராவிட்டால் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவசக் கருவி இருக்கிறது. டிடியு என்று சொல்வார்கள். புதிய டிரைவரை முதலிலேயே இறக்கி வைத்துவிட்டு, இணையத்தைத் துண்டித்து, விண்டோஸை சேஃப் மோடில் திறந்து, பழையதைத் துடைத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். இணையத்தைத் துண்டிக்காவிட்டால் நீங்கள் துடைக்கத் துடைக்க விண்டோஸ் தன்னிடம் உள்ள டிரைவரைப் போட்டுக்கொண்டே இருக்கும். ஒரு எச்சரிக்கை: இப்போது வரும் லேப்டாப்களில் டிஸ்க் குறியாக்கம் தானாகவே இயங்கிக்கொண்டிருக்கலாம். சேஃப் மோடுக்குப் போனால் பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்து, எழுதி வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். கீ இல்லாமல் மாட்டிக்கொண்டால் டிஸ்க்கில் இருக்கும் கல்யாணப் படங்கள் அத்தனையும் கைக்கு வராமல் போகும்.

நேற்றுவரை நன்றாக ஓடி, டிரைவர் புதுப்பித்த பிறகு தகராறு என்றால் டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயரை வலது சொடுக்கி, பிராப்பர்ட்டீஸ், டிரைவர், "ரோல் பேக்" என்று பழையதற்குத் திரும்பலாம். வைகாசி, ஆவணி, தை என முகூர்த்தம் நெருங்கும் மாதங்களில் ஓடும் கம்ப்யூட்டரில் கை வைக்காதீர்கள். டிரைவர் மாற்றம், பதிப்பு மாற்றம் எல்லாவற்றையும் ஆடியிலோ மார்கழியிலோ வைத்துக்கொள்ளுங்கள். ஆல்பம் டெலிவரி நிற்காது.

மென்பொருளுக்குள்ளே

ஃபோட்டோஷாப் பெர்ஃபாமன்ஸ் பகுதியில் "அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்" பொத்தானைத் திறங்கள். ட்ராயிங் மோட் உள்ள பதிப்பாக இருந்தால் பேசிக் வைத்துப் பாருங்கள். ஓபன்சிஎல் (கணக்கு வேலையைக் கார்டிடம் கொடுக்கும் முறை) டிக்கையும் தனியாக எடுத்துப் பாருங்கள். ஒன்றை மாற்றியதும் மூடித் திறந்து சோதிக்க வேண்டும்.

ஃபோட்டோஷாப்பில் ரா ஃபைல்களைத் திறக்கும் பகுதியான கேமரா ராவுக்கு என்று தனியாக கிராஃபிக்ஸ் அமைப்பு உண்டு, பலருக்கு இது தெரியாது. ஃபோட்டோஷாப் நன்றாக ஓடி, ரா ஃபைல் திறக்கும்போது மட்டும் தகராறு என்றால் கேமரா ரா பிரிஃபரன்சஸில் உள்ள பெர்ஃபாமன்ஸைப் பாருங்கள். கார்டு மாற்றிய பிறகும் பழைய கார்டின் நினைவிலேயே அது நடந்துகொண்டால், உங்கள் பயனர் ஃபோல்டரில் ஆப்டேட்டா, ரோமிங், அடோபி, கேமரா ரா என்று உள்ளே போனால் ஜிபியு என்ற ஃபோல்டர் இருக்கும். அடோபி மென்பொருள்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டு அதன் பெயரை மாற்றி வையுங்கள். அடுத்த முறை திறக்கும்போது கார்டைப் புதிதாகச் சோதித்து மறுபடி ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். லைட்ரூமுக்கும் இதே இடம்தான்.

கடைசி ஆயுதம் பிரிஃபரன்சஸை முழுதாக அழிப்பது. கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஃபோட்டோஷாப்பைத் திறந்தால் அழிக்கட்டுமா என்று கேட்கும். அதற்கு முன் உங்கள் ஆக்‌ஷன்களை வெளியே சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். பல வருடமாக ஒவ்வொன்றாகச் சேர்த்த ஆல்பம் ஆக்‌ஷன்கள் இந்த ஒரு சொடுக்கில் போய்விடும். ஆக்‌ஷன்ஸ் பேனலில் செட்டைத் தேர்ந்தெடுத்து "சேவ் ஆக்‌ஷன்ஸ்" கொடுத்தால் தனி ஃபைலாக வந்துவிடும். பிரஷ்களையும் அப்படியே எடுத்து வையுங்கள்.

லைட்ரூமில் கார்டு போட்டால் மட்டும் படம் கறுப்பாகவோ மஞ்சளாகவோ தெரிந்தால், மானிட்டரின் கலர் புரொஃபைல் கெட்டிருக்க வாய்ப்பு உண்டு. விண்டோஸ் கலர் மேனேஜ்மென்ட்டில் எஸ்ஆர்ஜிபியை டிஃபால்ட் ஆக்கிச் சோதியுங்கள்.

மெமரி போதுமா

12க்கு 36 இன்ச் ஆல்பம் ஷீட்டை 300 டிபிஐயில் எடுத்தால் 3600க்கு 10800 பிக்சல். முழுதாக நிரம்பிய ஒரு லேயர் 8 பிட்டில் சுமார் 110 எம்பி பிடிக்கும், 16 பிட்டில் அதன் இரட்டிப்பு. இதெல்லாம் அப்படியே கார்டின் மெமரியில் போய் உட்காராது. பெரும்பகுதி ராமிலும் ஸ்கிராட்ச் டிஸ்க்கிலும் இருக்கும். ஆனால் கார்டு மெமரியும் சிறியதாக இருந்து, பின்னால் பிரௌசரில் இருபது டேப் திறந்து, யூடியூபும் ஓடிக்கொண்டிருந்தால் இடம் நிரம்பிவிடும். டாஸ்க் மேனேஜரில் "டெடிகேட்டட் ஜிபியு மெமரி" உச்சியில் நிற்கும்போதெல்லாம் தடுமாறினால் காரணம் இதுதான். டீநாய்ஸ் நிறையச் செய்பவர்களுக்கு 8 ஜிபி கார்டு வசதியாக இருக்கும்.

உள் கிராஃபிக்ஸை நம்பியிருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அது ராமிலிருந்துதான் இடம் எடுத்துக்கொள்ளும். ஃபோட்டோஷாப்புக்கு ராமில் இயல்பாக 70 சதவீதம் ஒதுக்கியிருக்கும். அதை 90க்கு ஏற்றினால் வேகம் கூடும் என்று நினைத்துச் செய்தால், கிராஃபிக்ஸுக்கு இடம் இல்லாமல் நேர்மாறாக முடியும்.

வெயிலும் கரண்டும்

ஏப்ரல், மே மாதங்களில் மதுரையில் வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. மாடியில் தகரக் கூரைக்குக் கீழே, ஏசி இல்லாத அறையில், சுவரோடு ஒட்டி வைத்த கேபினட்டில் கார்டு என்ன பாடுபடும் என்று யோசியுங்கள். சூடு ஏறினால் கார்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். எக்ஸ்போர்ட் முதல் பத்து நிமிடம் பறந்து, அப்புறம் நத்தை வேகத்தில் ஓடினால் சூட்டைச் சந்தேகியுங்கள். ஜிபியு-இசட் என்ற இலவசக் கருவியின் சென்சார்ஸ் பகுதியில் வெப்பமும் கிளாக் வேகமும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். ஒன்று ஏற ஏற மற்றது இறங்கினால் உறுதி. ப்ளோவரால் தூசி அடிக்கும்போது கார்டின் ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் அசுர வேகத்தில் சுற்றவிட்டால் ஃபேன் கெட்டுவிடும்.

திரை கறுத்து மீண்டு வருவது வேறு விஷயம். விண்டோஸ் கார்டிடம் வேலை கொடுத்து, 2 விநாடிக்குள் பதில் வரவில்லை என்றால் டிரைவரை மறுதொடக்கம் செய்துவிடும். ஈவன்ட் வியூவரில், சிஸ்டம் பதிவுகளில், "டிஸ்ப்ளே" என்ற பெயரில் 4101 என்ற எண்ணோடு அது எழுதப்பட்டிருக்கும். அந்த நேரமும் உங்கள் எக்ஸ்போர்ட் நேரமும் ஒத்துப்போகிறதா பாருங்கள். அந்த 2 விநாடியை விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் கூட்டச் சொல்லி யோசனை சொல்பவர்கள் உண்டு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். காரணம் டிரைவராகவோ சூடாகவோ கரண்டாகவோ இருக்கும்போது, நேரத்தைக் கூட்டுவது கோளாறை மறைக்கத்தான் செய்யும்.

கரண்ட் என்றால் இரண்டு இடம். ஒன்று எஸ்எம்பிஎஸ், அதாவது கேபினட்டுக்குள் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸில் பெரிய கார்டை மாட்டி, ஹார்ட் டிஸ்க் ஒயரிலிருந்து கன்வெர்ட்டர் போட்டுக் கார்டுக்குக் கரண்ட் கொடுத்திருந்தால், லோடு ஏறும் நேரத்தில் கம்ப்யூட்டர் பட்டென்று அணையும். அந்தக் கன்வெர்ட்டர் சூடேறி உருகவும் கூடும். கார்டுக்கு உரிய 6 பின் அல்லது 8 பின் ஒயர் நேரடியாக உள்ள, தரமான எஸ்எம்பிஎஸ் வாங்குங்கள். இரண்டாவது வீட்டு லைன். உசிலம்பட்டி, மேலூர் பக்கத்துக் கிராமங்களில் மாலை நேரம் வோல்டேஜ் இறங்கும் இடங்களில் நல்ல யுபிஎஸ் இல்லாமல் இரவெல்லாம் எக்ஸ்போர்ட் ஓட விடாதீர்கள். பகலில் ஒழுங்காக ஓடி மாலையில் மட்டும் தகராறு என்றால், முதலில் மீட்டரை எடுத்து வோல்டேஜைப் பாருங்கள்.

லினக்ஸில் டார்க்டேபிள் வைத்திருப்பவர்களுக்கு

லைட்ரூம் போன்ற இலவச மென்பொருளான டார்க்டேபிள் ஓபன்சிஎல் வழியாகத்தான் கார்டைப் பயன்படுத்தும். அமைப்புகளில் பிராசசிங் பகுதியில் அதை இயக்கும் டிக் இருக்கும். டிக் வைக்கவே முடியாமல் மங்கலாக இருந்தால் டெர்மினலில் டார்க்டேபிள்-சிஎல்டெஸ்ட் கட்டளையை ஓட்டுங்கள், எந்தக் கார்டு தெரிகிறது, ஏன் ஒதுக்கியது என்று சொல்லும். என்விடியா கார்டில் லினக்ஸோடு வரும் நூவோ டிரைவர் ஓடினால் அதை விட்டு நிறுவனத்தின் டிரைவருக்கு மாறுவதுதான் வழி. ஜிம்ப் பெரும்பாலும் பிராசசரை வைத்தே ஓடுவது, அதில் கார்டைத் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம்.

கார்டை மாற்றியே ஆக வேண்டும் என்றால்

பழைய கார்டு வாங்குபவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் அந்தக் கடையிலேயே மாட்டி, ஜிபியு-இசட்டில் பார்க்க வேண்டும். பழைய ஜிடிஎஸ் 450 போன்ற கார்டுகளின் பயாஸை (கார்டுக்குள்ளேயே பதிந்த மென்பொருளை) மாற்றி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று பெயர் காட்டும்படி செய்து விற்பது உலகம் முழுக்க நடந்தது. விண்டோஸ் அந்தப் பொய்ப் பெயரைத்தான் காட்டும். ஜிபியு-இசட் 2018 முதல் இப்படிப்பட்ட என்விடியா கார்டுகளைக் கண்டால் பெயருக்கு முன்னால் போலி என்று எழுதிக் காட்டுகிறது. அதோடு "பஸ் இன்டர்ஃபேஸ்" வரியையும் பாருங்கள். எக்ஸ்16 கார்டு லோடு ஏறும்போதும் எக்ஸ்1 என்றே காட்டினால் ஸ்லாட்டிலோ கார்டின் தங்க முனைகளிலோ குறை இருக்கிறது. கையோடு ஒரு பென் டிரைவில் ரா படங்கள் கொண்டுபோய், கடைக்காரர் கண் முன்னாலேயே கால் மணி நேரம் டீநாய்ஸ் ஓட்டிப் பாருங்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாத கடையில் வாங்காதீர்கள்.